கமரோனை நம்மூர்ச் சங்கீத ரசிகர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்தலாம்?

கேள்வி: சுருதிப்பெட்டி, வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் மாதந்தோறும் ஒரு நண்பர் வீட்டு மேல்மாடியில் கூடி, ஒரு கலைஞரை எடுத்துக்கொண்டு அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பேசுகின்ற சிறு வட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. வருபவர்களிற் பெரும்பாலோர் கர்நாடக இசையில் ஊறியவர்கள். ஒருசிலர் முறையாகப் படித்தவர்கள். இரண்டொருவர் நாதஸ்வரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அடுத்த கூட்டத்தில் பேசும் முறை என்னுடையது. ஸ்பெயின் நாட்டின் பிளமெங்கோ பாடகர் கமரோன் டி லா இஸ்லாவைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அவருடைய 1969ஆம் ஆண்டு இசைத்தட்டையும் 1979ஆம் ஆண்டு இசைத்தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே பெயரில் இரண்டு பாடகர்கள் இருந்தார்களோ என்று ஐயப்படும்படி இருக்கிறது. முன்னதில் குரலும் கிற்றாரும் கைதட்டும் மட்டுமே இருக்கின்றன. பின்னதில் டிரம்ஸ், மின்சார பேஸ் கிற்றார், கீபோர்ட், இவற்றோடு சித்தார்கூட ஒலிக்கிறது. அவரைப் பற்றி எழுதுபவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி அவரைப் பிளமெங்கோவின் விடிவெள்ளி என்கிறது. மற்றக் கட்சி அவரால்தான் எல்லாம் கெட்டது என்கிறது. அவருடைய வாழ்க்கை எப்படிப் போயிற்று என்பதையும், எங்கள் ரசிகர்களின் காது எதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் என்பதையும் அறிந்தவர்கள் சொல்லித்தந்தால் உதவியாக இருக்கும். முக்கால் மணித்தியாலம் மட்டுமே எனக்குத் தரப்பட்டிருக்கிறது.

பதில்: பழைய இசைத்தட்டு, கொட்டாஞ்சேனை

அன்பின் சுருதிப்பெட்டி, பாடகர் ஒருவர்தான். அவர் மாறியதாக நீங்கள் கருதுகின்ற இடத்தில் உண்மையில் மாறியது அவரைச் சுற்றியிருந்த பக்கவாத்தியமே தவிர, பாட்டு அல்ல என்பது என் கருத்து. அதற்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஹோசே மொன்ஹே குரூஸ் 1950 டிசெம்பர் 5ஆம் திகதி, ஸ்பெயினின் தெற்குக் கரையில், காடிஸ் மாகாணத்துச் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தார். உப்பளங்களும் கடற்படைத் தளமும் கொண்ட அந்த ஊரைச் சுற்றுவட்டாரத்தார் ‘தீவு’ என்றே சொல்வார்கள். வெளிறிய மேனியும் செம்பட்டைத் தலையுமாக இருந்த பையனுக்கு உறவினர் ஒருவர் ‘இறால்’ என்று பட்டப்பெயர் வைக்க, இரண்டும் சேர்ந்து கமரோன் டி லா இஸ்லா ஆயிற்று. குடும்பம் ஹிதானோ குடும்பம், அதாவது ஸ்பெயினின் ரோமா மக்களைச் சேர்ந்தது. தகப்பனார் இரும்புக் கொல்லர். தாயார் ஹுவானா கூடை பின்னுபவர், நன்றாகப் பாடவும் கூடியவர். வீட்டில் பிள்ளைகள் பலர். தகப்பனார் ஈளை நோயால் இளமையிலேயே இறந்துபோக, வீட்டில் வறுமை புகுந்தது. பையன் தன் தோழன் ரங்காபீனோவுடன் சத்திரங்களிலும் பேருந்துத் தரிப்பிடங்களிலும் பாடிக் காசு சேர்த்தான். ரங்காபீனோவும் பிற்காலத்தில் பெயர்பெற்ற பாடகரானார்.

சான் ஃபெர்னாண்டோவில் ‘வெந்தா டி வார்காஸ்’ என்ற உணவகம் ஒன்று இன்றும் இருக்கிறது. அக்காலத்தில் வசதி படைத்தவர்கள் நள்ளிரவுக்குப் பின் பாடகர்களை அழைத்துப் பாடவைத்துக் கேட்கின்ற இடமாக அது விளங்கியது. பாலபாடம் என்று ஒன்று கமரோனுக்கு உண்டென்றால் அது தாயின் வாயிலும் இந்த உணவகத்திலும் கிடைத்ததுதான். எழுதிவைத்த பாடத்திட்டம் எதுவும் இல்லை. மூத்தவர்கள் பாடுவதைப் பக்கத்தில் நின்று கேட்பது, அதே இரவில் அவர்கள் முன்னிலையில் பாடிக்காட்டுவது, தப்பினால் முகத்துக்கு நேரே வாங்கிக்கட்டிக்கொள்வது. நம்மிடம் குருகுலவாசம் என்று சொல்வதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு அது. குரு மட்டும் இரவுக்கு இரவு மாறுவார்.

1966இல், மைரேனா டெல் அல்கோர் என்ற ஊரில் நடந்த பாட்டுப் போட்டியில் அவருக்கு முதற்பரிசு கிடைத்தது. இந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். அதன்பின் மட்ரிட்டுக்குப் போய், 1968 முதல் ‘தோரெஸ் பெர்மெஹாஸ்’ என்ற தப்லாவோவில், அதாவது உணவும் ஆட்டபாட்டமும் ஒருங்கே நடக்கின்ற அரங்கில், நிலைக் கலைஞராக அமர்ந்தார். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தார். இரவுக்கு இரவு ஆடுபவர்களுக்குப் பாடிப் பாடியே அவருடைய தாளம் கல்லில் வெட்டினாற்போல் நின்றது என்று நினைக்கிறேன்.

மட்ரிட்டில்தான் கிற்றார்க் கலைஞர் பாக்கோ டி லூசியாவுடன் அவர் சேர்ந்தார். பாக்கோவும் அதே காடிஸ் மாகாணத்து அல்ஹெசிராஸைச் சேர்ந்தவர், 1947இல் பிறந்தவர், ஹிதானோ அல்லர். 1969 தொடங்கி 1977 வரை வருடத்துக்கு ஒன்றாக இருவரும் ஒன்பது இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். நீங்கள் கேட்ட 1969ஆம் ஆண்டுத் தட்டு அவற்றில் முதலாவது. பாக்கோவின் தகப்பனார் அந்தோனியோ சாஞ்சேஸ் ஒலிப்பதிவுகளைக் கண்டிப்போடு மேற்பார்வை செய்தார். பாடல்கள் பலவற்றையும் அவரே அமைத்தார். இந்த ஒன்பதையும் வரிசையாகக் கேட்பவர்களுக்கு ஒன்று விளங்கும். முதல் இரண்டில் இளைஞர் ஒருவர் முன்னோர் பாடியவற்றை மிகுந்த பணிவோடு பாடுகிறார். நான்காவதை எட்டும்போது தன் பாட்டைத் தானே அமைத்துக்கொள்கிறார்.

பாக்கோ உலகமெங்கும் தனிக்கச்சேரி செய்யத் தொடங்கியதால் அந்தக் கூட்டு தளர்ந்தது. அந்த இடைவெளியில் 1979இல் வந்ததுதான் நீங்கள் கேட்டுத் திகைத்த ‘லா லெயெந்தா டெல் தியெம்போ’. தயாரிப்பாளர் செவில் நகரத்து ரிக்கார்டோ பச்சோன். அந்நகரத்து ரொக் இசைக்காரர்களோடு பழகிய அவர், கவிஞர் ஃபெடெரிக்கோ கார்சியா லோர்காவின் வரிகளை எடுத்துக்கொடுத்து, இளம் இசைக்கலைஞர்களைச் சேர்த்துப் பதிவு செய்தார். அல்மெரியாவைச் சேர்ந்த இருபது வயது தாண்டிய கிற்றார்க் கலைஞர் தொமாத்தித்தோ, கமரோனோடு பதிவு செய்த முதல் தட்டும் இதுதான். அட்டையில் கறுப்பு வெள்ளைப் படத்தில் தாடியோடும் சிகரெட்டோடும் கமரோன் இருக்கிறார். முந்திய தட்டுகளின் அட்டைகளில் பாக்கோவும் அவரும் சேர்ந்து நின்ற காட்சிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதை உங்கள் வட்டத்தாருக்கு அந்த இரு படங்களைக் காட்டியே சொல்லிவிடலாம்.

தட்டு விற்கவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்தில் ஆறாயிரம் பிரதிகள்கூடப் போகவில்லை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இது கமரோனே அல்ல என்று கடையில் திருப்பிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்றும் சொல்வார்கள். இன்று அதே தட்டு பிளமெங்கோ வரலாற்றின் மைல்கற்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 1981இல் ‘கோமோ எல் ஆகுவா’ வந்தபோது பாக்கோவும் மீண்டும் சேர்ந்துகொண்டார். ரசிகர்களும் திரும்பி வந்தார்கள். 1989இல் லண்டன் றோயல் பில்ஹார்மொனிக் வாத்தியக்குழுவோடு ‘சொய் ஹிதானோ’ வெளிவந்து நன்றாக விற்றது. எனக்கு அது அதிகம் ஒட்டவில்லை. வயலின்களின் திரைக்குப் பின்னால் நின்று பாடுவது போல இருக்கிறது. 1991இல் சுவிட்சர்லாந்தின் மொன்த்ரோ விழாவில் பாடினார்.

1976இல் லா லீனியாவைச் சேர்ந்த டொலோரெஸ் மொந்தோயாவைத் திருமணம் செய்தார், நான்கு பிள்ளைகள். மேடைக்கு வெளியே கூச்ச சுபாவம் கொண்டவர், பேட்டிகளில் ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொள்பவர். ஹெரோயின் பழக்கமும் ஓயாத புகைத்தலும் உடலை அரித்தன. கடைசித் தட்டை நோயோடுதான் பாடி முடித்தார். நுரையீரற் புற்றுநோய்க்கு அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலைவரை போய்ப் பார்த்தும் பலனில்லாமல், 1992 ஜூலை 2ஆம் திகதி பார்சலோனாவை அடுத்த பதலோனாவில், 41 வயதில் காலமானார். சான் ஃபெர்னாண்டோவில் நடந்த இறுதி ஊர்வலத்தில் ஓர் இலட்சம் பேருக்கு மேல் திரண்டதாக மதிப்பிடுகிறார்கள்.

பதில்: தகிட, பம்பலப்பிட்டி

மேலே வாழ்க்கையைச் சொல்லிவிட்டார்கள். நான் மிருதங்கம் வாசிப்பவன். ஆகவே காதுக்குரிய சங்கதிகளைச் சொல்கிறேன். உங்கள் வட்டத்துக்கு இதுதான் வாசல் என்று நம்புகிறேன்.

பிளமெங்கோவில் பாட்டு வகைகளைப் ‘பாலோ’ என்பார்கள். ஒவ்வொரு பாலோவுக்கும் தாளம், சுரப்போக்கு, மனநிலை, பாடவேண்டிய அடிகளின் அமைப்பு எல்லாம் சேர்ந்த ஓர் ஆளுமை உண்டு. சொலெயா, செகிரியா, புலேரியா, அலெக்ரியாஸ், தாங்கோஸ், ஃபந்தாங்கோ என்று பெரிய பட்டியல் இருக்கிறது. முக்கால் மணித்தியாலத்தில் இரண்டுக்கு மேல் விளக்கப் போகாதீர்கள்.

தாளத்தை எடுத்துக்கொண்டால், சொலெயாவும் புலேரியாவும் பன்னிரண்டு அட்சரத்தில் நடப்பவை. அழுத்தம் விழுவது 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில். அதாவது 12இல் எண்ணத் தொடங்கினால் இரண்டு மூன்றுகளும் மூன்று இரண்டுகளும்: தகிட தகிட தக தக தக. நம் ரசிகர்கள் இதை ஒரே தடவையில் கையில் போட்டுவிடுவார்கள். செகிரியா என்பது இதே வட்டத்தை வேறோர் இடத்திலிருந்து எடுப்பது: தக தக தகிட தகிட தக. எடுப்பை மாற்றியவுடன் முழு உணர்ச்சியும் மாறிப்போகிறது என்பதை நேரில் காட்டலாம். சொலெயா நிதானமாக நடக்கும். புலேரியா அதே கணக்கைக் கடுகதியில் ஓட்டுவது. கமரோன் மன்னராக இருந்தது இந்தப் புலேரியாவில்தான். அடி முடியவேண்டிய இடத்தில் முடிக்காமல் தொங்கவிட்டு, அடுத்த 10இல் சொல்லை வந்து நிறுத்துவார். கேட்கிற தாளக்காரனுக்கு மூச்சு முட்டும்.

சுரத்துக்கு வருவோம். இவர்களின் அடிப்படைச் சுரவரிசையை நம் கணக்கில் வைத்தால் ஹனுமத்தோடிதான். ஆனால் கிற்றார் ஆதாரத்தில் வந்து நிற்கும்போது அந்தரகாந்தாரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அப்போது சுரங்கள் வகுளாபரணத்தினுடையவை. பாடகர் மேலிருந்து மத்தியமம், காந்தாரம், சுத்த ரிஷபம் என்று படி இறங்கி ஆதாரத்தில் விழுவதுதான் இந்த இசையின் கையெழுத்து. உங்களிடம் வரும் நாதஸ்வரக்காரர்கள் தோடி என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள். உடனே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுங்கள். சுரங்கள் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. தோடியின் காந்தார அசைவு இங்கே இல்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தேடிக்கொண்டு இருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இவர்களுடைய அசைவு தொண்டையின் கரகரப்பிலும், சுரத்துக்குச் சற்றுக் கீழே தொட்டு மேலே இழுப்பதிலும், ஒரே உயிரெழுத்தின் மேல் அடுக்கடுக்காக உருட்டுவதிலும் இருக்கிறது.

பாட்டின் தொடக்கத்தில் ‘ஆய்’ என்று நீட்டிக் குரலைப் பதம் பார்த்துக்கொள்வதை நம்மவர்கள் ஆலாபனையின் ஆரம்பமாகவே எடுத்துக்கொள்வார்கள், அதில் தவறில்லை. காடிஸின் அலெக்ரியாஸில் ‘திரிதித்ரான் த்ரான் த்ரான்’ என்று பொருளற்ற சொற்கட்டோடு தொடங்குவார்கள். தில்லானா கேட்ட காதுக்கு அது அந்நியமே அல்ல. கிற்றார்க்காரர் நம் பக்கவாத்தியக்காரரைப் போலப் பாடகரின் மூச்சைப் பார்த்தே நகர்கிறார். இடையில் தனக்குக் கிடைக்கும் இடத்தில் ‘ஃபல்செத்தா’ என்ற சிறு உருப்படியை வாசித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்.

கமரோனின் குரலைப் பற்றி ஒன்றே ஒன்று. உயர்ந்த சுருதியில் பாடுபவர். கிற்றாரில் தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் தடுப்பை மேலே ஏற்றிக் கட்டித்தான் அவருக்கு வாசிப்பார்கள். உச்சத்தில் குரல் உடைகிறதோ என்று தோன்றும் இடத்திலும் சுருதி நூலளவும் விலகாது. அந்த உடைவும் அந்தச் சுருதிச் சுத்தமும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் மற்றவர்களால் முடியாமல் போனது.

பதில்: கடற்கரை வீதி, தெஹிவளை

நண்பர்களின் விளக்கங்கள் அருமை. ஆனால் கேள்வி கேட்டவர் சொன்ன இரண்டாவது கட்சிக்கும் யாராவது வாதாட வேண்டும் அல்லவா? நான் அந்தக் கட்சியில் முழு உறுப்பினன் அல்லன், அனுதாபி.

1950களிலும் 60களிலும் பிளமெங்கோவில் பெரும் அதிகாரம் செலுத்தியவர் பாடகர் அந்தோனியோ மைரேனா. பழைய பாட்டுகளைத் தேடித் தொகுத்து, எந்தக் குடும்பத்தில் எந்த ஊரில் எது எப்படிப் பாடப்பட்டது என்று வரையறை செய்தவர். 1962இல் கோர்தோபாவில் அவருக்குப் ‘பாட்டின் தங்கச் சாவி’ வழங்கப்பட்டது. அதுவரை அதைப் பெற்றவர்கள் இருவரே. அவருடைய உழைப்பு இல்லையென்றால் பல பாட்டுகள் காற்றோடு போயிருக்கும். சுத்தவாதிகள் என்று இன்று கேலிக்கு ஆளாகிறவர்கள் அந்த உழைப்பின் பிள்ளைகள். வீடு பற்றி எரிகிறது என்று நினைத்தவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள், அவ்வளவுதான்.

என் உண்மையான மனக்குறை மின்சார பேஸ் மீதானது அல்ல. கமரோனுக்குப் பிறகு வந்த இளைஞர்கள் ஒரு தலைமுறைக்காலம் அவருடைய கரகரப்பையும் அவருடைய தொங்கலையுமே நகலெடுத்தார்கள். அவருக்கு முன் ஊருக்கு ஒரு குரல் இருந்தது. செவிலின் பஸ்தோரா பவோன், 1890இல் பிறந்து 1969இல் மறைந்தவர், ‘லா நின்யா டி லொஸ் பெய்னெஸ்’ என்று பெயர்பெற்றவர். அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த அம்மையார் தொடாத பாலோ இல்லை. அவருடைய குரலைத் தென் ஸ்பெயின் மாநிலமான அந்தலூசியாவின் அரசு 1999இல் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்தது. மனோலோ கரகோல், மனுவெல் தோரே என்று ஒவ்வொருவரும் தனித்தனி மலை. கமரோன் வந்தபின் சமவெளி. இதற்கு அவர் பொறுப்பாளி அல்லர்தான். ஆனால் அவரை விடிவெள்ளி என்று எழுதுபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

புதுமைதான் வேண்டுமென்றால் கிரனாடாவின் என்ரிக்கே மொரெந்தேயையும் பாருங்கள் என்பேன். அவர் பழைய பாட்டுகளை ஏட்டுப்படிப்பு போலக் கற்றுக் கரைகண்டு, 1996இல் ‘ஒமேகா’ என்ற தட்டில் ரொக் குழுவோடு சேர்ந்து லோர்காவையும் லெனார்ட் கோஹனையும் பாடினார். ஒவ்வொரு அடியும் தெரிந்து வைத்த அடி. கமரோனின் 1979ஐப் பொறுத்தவரை, அதன் துணிவில் பாதிக்கு மேல் தயாரிப்பாளருடையது என்பது என் எண்ணம்.

பதில்: பழைய இசைத்தட்டு, கொட்டாஞ்சேனை

தெஹிவளை நண்பருக்கு: பஸ்தோரா பவோனைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு மறுபேச்சு இல்லை. நகலெடுப்பு பற்றியும் உண்மைதான். நம் ஊரில் ஒரு பெரிய பாடகர் தோன்றினால் இருபது வருடம் எல்லாப் பையன்களும் அவரைப் போலவே செருமுவது நமக்குப் புதிதா என்ன?

ஆனால் துணிவு தயாரிப்பாளருடையது என்பதை ஏற்க மாட்டேன். 1972ஆம் ஆண்டுத் தட்டின் பெயர் ‘கனஸ்தேரா’, அதாவது கூடை பின்னுபவள். அதே பெயரில் அதில் இருக்கும் தலைப்புப் பாட்டு முன்னர் இருந்த எந்தப் பாலோவிலும் அடங்காதது; கமரோனும் பாக்கோவும் சேர்ந்து ஒரு புதிய பாலோவையே உருவாக்கினார்கள். அதில் குரலும் கிற்றாரும்தான் இருந்தன. ஆகவே யாரும் கூச்சல் போடவில்லை. பச்சோன் தயாரித்த தட்டுக்கு ஏழு வருடம் முன்பே, இருபத்தொரு வயதில் செய்த காரியம் இது. நீங்கள் மரபு என்று சொல்கின்ற சொலெயாவும் செகிரியாவும்கூட இன்றைய உருவத்தைப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில், செவிலிலும் மற்ற நகரங்களிலும் காசு கொடுத்துக் கேட்கின்ற பாட்டுக் கபேக்களில்தான். அந்தக் காலத்து மன்னராக விளங்கிய சில்வேரியோ ஃபிராங்கொனெத்தியின் தகப்பனார் ஓர் இத்தாலியர். சுத்தம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன மைரேனா டெல் அல்கோர், அந்தோனியோ மைரேனாவின் சொந்த ஊர். அவருடைய கோட்டைக்குள்ளேயே போய், அவருடைய அளவுகோலின்படியே பதினைந்து வயதுப் பையன் முதற்பரிசு வாங்கியிருக்கிறான். அவர் பெற்ற அதே தங்கச் சாவியை அந்தலூசியா அரசு 2000ஆம் ஆண்டு டிசெம்பரில், கமரோன் இறந்து எட்டு வருடம் கழித்து, அவருக்கு வழங்கியது. இறந்தவருக்குச் சாவி கொடுப்பது முறையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு. உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்க வேண்டும்.

சுருதிப்பெட்டி, வெள்ளவத்தை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு விடயங்கள். எங்கள் கூட்டத்தில் கட்டாயம் இரண்டு கேள்விகள் எழும். முதலாவது: ஹிதானோ மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள்தானே, ஆகவே இது நம்முடைய இசைதானே என்று பெரியவர் ஒருவர் தொடங்குவார், 1979ஆம் ஆண்டுத் தட்டில் சித்தார் கேட்டதும் அவருக்கு உறுதியாகிவிடும். இரண்டாவது: இதற்கும் நம் நாட்டுப் பைலாவுக்கும் தொடர்பு உண்டா என்று இளையவர்கள் கேட்பார்கள். இரண்டுக்கும் சுருக்கமாக என்ன சொல்லலாம்? எந்த வரிசையில் பாட்டுகளைப் போடுவது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

பதில்: தகிட, பம்பலப்பிட்டி

பைலாவை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். அது போர்த்துக்கேயர் வழியாகவும் அவர்களோடு வந்த ஆபிரிக்கர் வழியாகவும் இந்தத் தீவில் உருவானது. கஃப்ரிஞ்ஞா என்ற பழைய ஆட்டப்பாட்டின் ஆறு அட்சர ஓட்டத்தில் பிறந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் இன்னும் அதன் மூத்த வடிவம் கேட்கும். பிளமெங்கோ அந்தலூசியாவில், அதுவும் போர்த்துக்கேயர் இங்கே வந்துபோன பின்னரே இன்றைய வடிவத்தைப் பெற்றது. ஐபீரியக் குடாநாடு என்ற முகவரி ஒன்றாக இருப்பதற்கு மேல் உறவு கொண்டாட இடமில்லை.

முதற் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர் சொல்வதில் பாதி சரி. ரோமா மக்களின் மொழி வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது மொழியியலாளர்கள் நிறுவிய செய்தி. அவர்கள் ஸ்பெயினுக்குள் வந்ததற்கான பழைய ஆவணம் 1425ஆம் ஆண்டுக்குரியது. அரகோன் மன்னர் வழங்கிய பயண அனுமதி அது. அதன்பின் நடந்தவை கொடுமையானவை. 1499 முதல் அவர்களுக்கு எதிராகச் சட்டத்தின் மேல் சட்டமாக வந்தன. 1749இல் ஒரே நடவடிக்கையில் நாடு முழுவதும் ஆண் பெண் குழந்தை என்று பாராமல் பிடித்து அடைத்தார்கள். கொல்லர் பட்டறையில் சுத்தியல் அடிக்குப் பாடுகின்ற, கிற்றாரே இல்லாத ‘மார்த்தினேத்தே’ போன்ற பாட்டுகளில் சிறையும் பிரிவும் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே பின்புலம். ஆனால் இந்தியாவை விட்டுப் புறப்பட்டு ஏறத்தாழ ஆயிரம் வருடம் ஆன மக்கள், வழியெங்கும் கேட்டதையும் அந்தலூசியாவில் இருந்த அராபிய, யூத, கிறிஸ்தவ, நாட்டுப்புற இசைகளையும் சேர்த்து ஆக்கிய ஒன்றை நம்முடையது என்று சொல்வது அவர்களுடைய உழைப்பைப் பறிப்பதாகும்.

சித்தார் சங்கதி இன்னும் எளிது. அதை வாசித்தவர் குவல்பெர்த்தோ, செவிலின் ‘ஸ்மாஷ்’ என்ற ரொக் குழுவில் இருந்தவர். அறுபதுகளில் மேற்கத்திய ரொக் இசையில் சித்தார் மோகம் பரவியபோது அங்கே வந்து சேர்ந்த வாத்தியம் அது. பூர்வீகத் தொடர்பு எதுவும் இல்லை. பெரியவர் வருந்துவார், ஆனால் பாட்டைப் போட்டால் சமாதானமாகிவிடுவார்.

பதில்: பழைய இசைத்தட்டு, கொட்டாஞ்சேனை

வரிசை பற்றி: 1979இலிருந்து தொடங்காதீர்கள். முதல் தட்டிலிருந்து ஒரு புலேரியாவை எடுங்கள். தகிட சொன்ன கணக்கைக் கையில் போட்டுக்காட்டுங்கள். இரண்டாவதாக ‘கனஸ்தேரா’. மூன்றாவதாக ‘லா லெயெந்தா டெல் தியெம்போ’வின் தலைப்புப் பாட்டு; அதன் வரிகள் லோர்காவின் நாடகம் ஒன்றிலிருந்து எடுத்தவை. 1936இல் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் அவர் என்பதையும், 1922இல் இசையமைப்பாளர் மனுவெல் டி ஃபாயாவோடு சேர்ந்து கிரனாடாவின் அல்ஹம்பிராவில் பாட்டுப் போட்டி நடத்திய குழுவில் இருந்தவர் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்தப் போட்டியில் பரிசு வாங்கிய சிறுவன்தான் தெஹிவளை நண்பர் குறிப்பிட்ட மனோலோ கரகோல். உடனே அதே தட்டின் கடைசிப் பாட்டான தாலாட்டைப் போடுங்கள். அதில்தான் சித்தார் வருகிறது. கமரோன் அங்கே சத்தம் போடவில்லை, வித்தை காட்டவில்லை. சித்தார் தந்திகளின் அதிர்வு அடங்க இடம்விட்டு, ஓரடி பாடி, காத்திருந்து, அடுத்த அடியை எடுக்கிறார். அவர் மாறவில்லை என்று நான் சொன்னதற்கு அந்தக் காத்திருப்புத்தான் சாட்சி. முதல் தட்டின் நிதானமான பாட்டுகளிலும் கிற்றாருக்கு அவர் விடும் இடம் அதே அளவுதான்.

ஐந்தாவதாக ‘கோமோ எல் ஆகுவா’, நான்கு அட்சரத் தாங்கோஸ். பன்னிரண்டோடு மல்லுக்கட்டிய கைகளுக்கு ஓய்வாக இருக்கும். இறுதியாக, 1987இல் பாரிஸில் பாடிய கச்சேரியின் பதிவிலிருந்து தொமாத்தித்தோவோடு ஒரு பாட்டு. சபையோர் இடையில் ‘ஒலே’ என்பது நம் சபையோர் ‘சபாஷ்’ என்பது விழும் இடத்தில்தான் விழுகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

பதில்: கடற்கரை வீதி, தெஹிவளை

வரிசைக்கு முன்னால் பஸ்தோரா பவோனின் ஒரு பாட்டை இரண்டு நிமிடமாவது வைத்துவிடுங்கள். இரைச்சலோடு கூடிய பழைய பதிவுதான், பரவாயில்லை. எதிலிருந்து கமரோன் வந்தார் என்று கேட்காமல் எங்கே போனார் என்று பேசினால் பாதிப் பேர் பின்தங்கிவிடுவார்கள்.

பதில்: தகிட, பம்பலப்பிட்டி

அதை நானும் வழிமொழிகிறேன். ஒலிபெருக்கியில் பேஸை ஏற்றாதீர்கள். ஏற்றினால் கைதட்டு மங்கிவிடும், கைதட்டு மங்கினால் தாளமே விளங்காது. பாடல்வரிகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் பாட்டு முடிந்த பின் கொடுங்கள், இல்லையேல் எல்லோரும் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு எனக்கும் ஓர் இடம் ஒதுக்கினால் கணக்குப் போட்டுக்காட்டும் வேலையை நானே பார்த்துக்கொள்வேன்.